யமஹா ஆர்எக்ஸ்100 பைக் ஃப்ரேம் உரிச்சாச்சு

யாரோ முன்னாடி போட்டிருந்த பவுடர் கோட்டிங் ஒருவழியா போயிடுச்சு மக்களே. தின்னர் ஊத்தித் துடைச்சா இதெல்லாம் அசையாது, 200 டிகிரி பக்கத்துல வெந்து இறுகுன பிளாஸ்டிக் இது, பெயிண்ட் ரிமூவர் தடவி பாலித்தீன் கவர் சுத்தி வச்சா அப்பளம் மாதிரி கொப்பளிச்சு எழும்புது, சுரண்டிட்டு மூலைமுடுக்குல மிச்சம் இருக்கறதுக்கு பிளாஸ்டிங், அதாவது மணல் மாதிரி துகள காத்தோட வேகமா பீச்சி அடிச்சு உரிக்கறது. சேசிஸ் நம்பர் மேல நல்ல தடியா டேப் ஒட்டிட்டுதான் பிளாஸ்டிங்குக்கே குடுக்கணும், நம்பர் மழுங்கிட்டா ஆர்டிஓ ஆபீஸ்ல பதில் சொல்லி மாளாது. பின் சக்கரத்த தாங்கற ஸ்விங் ஆர்ம் பக்கம் வெல்டிங் ஓரத்துல கோட்டிங்குக்கு அடியிலயே துரு ஊர்ந்து போயிருக்கு, வெளிய அவ்ளோ பளபளன்னு இருந்துச்சு! வெறும் இரும்ப நம்ம சென்னை காத்துல விட்டா சீக்கிரமே செவந்துடும்ங்கறதால அன்னைக்கே துருவ தடுக்கற அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடிச்சாச்சு. இந்த தடவை டூ-கே பெயிண்ட்தான் (ஹார்டனர் கலந்து அடிக்கறது), கல்லு பட்டு பேந்தாலும் அந்த இடத்த மட்டும் டச்அப் பண்ணிக்கலாம். எர்த் வயர் மாட்டற போல்ட், ஹேண்டில் பேரிங் கப் உக்கார்ற இடம் ரெண்டையும் பெயிண்ட் படாம மறைச்சு அடிக்கணும்.