வெங்காயம் போதாதா?

லாஜ்பத் நகரில் என் அறையிலிருந்து மெட்ரோவுக்குப் போகும் வழியில் ஒரு ஆப்கன் நான்-ரொட்டிக் கடை இருக்கிறது. முழங்கை நீள ரொட்டி, மேலே விரலால் அழுத்திய வரிகள், கொஞ்சம் கருஞ்சீரகம். செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். டெல்லிக்கு வந்த புதிதில், அங்கே வேலை பார்த்த பையனின் கண்ணையும் மூக்கையும் பார்த்துவிட்டு, "பய்யா, நேபாளமா?" என்று கேட்டேன். "காபூல்" என்றான். கோபமெல்லாம் இல்லை, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னான்.

அப்போது என் பையில் காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' இருந்தது. பாதி படித்திருந்தேன். சப்பை மூக்கு என்று சொல்லிச் சொல்லியே ஒரு ஹசாரா (ஆப்கானிஸ்தானின் சிறுபான்மை இனம்) பையனை நோகடிக்கும் கதைக்காக ராத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டவள், காலையில் ஒரு ஹசாரா எதிரே நின்றபோது யாரென்று தெரியாமல் நேபாளத்துக்கு அனுப்பிவிட்டேன். என்னை 'மதராஸி' என்ற வீட்டுக்காரரோடு அதற்கு முந்தின நாள்தான் சண்டை போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

சென்ற வாரம் அதே புத்தகத்தை மறுபடி படித்தேன். 2003இல் வந்த நாவல். கதை பலருக்கும் தெரிந்திருக்கும். காபூலில் பணக்கார பஷ்தூன் (ஆதிக்கத்தில் இருக்கும் சுன்னி இனம்) வீட்டுப் பையன் அமீர். அந்த வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹசன். ஹசாரா, ஷியா. இரண்டு பேரும் ஒரே செவிலித்தாயிடம் பால் குடித்தவர்கள். 1975 குளிர்காலத்துப் பட்டப் போட்டியில் அமீர் ஜெயிக்கிறான். அவன் அறுத்த நீலப் பட்டத்தைப் பிடித்துவர ஓடிய ஹசனை, ஒரு சந்தில் மூன்று பேர் மடக்குகிறார்கள், அவர்களில் ஒருவன் சீரழிக்கிறான். ஒளிந்து நின்று பார்த்த அமீர் ஓடிவிடுகிறான். (கண்ணாடித்தூள் தடவிய நூல் அமீரின் விரலைக் கிழிக்கும் இடத்தில் எனக்கு வடசென்னை மாஞ்சாதான் ஞாபகம் வந்தது. அங்கே டீல் போட்ட கைகளிலும் அதே இடத்தில் தழும்பு இருக்கும்.)

எல்லோரும் அந்தச் சந்தில் நடந்ததைப் பற்றியே பேசுவார்கள். இந்த முறை என்னை நிறுத்தியது அதற்கு வெகு முன்னால் வரும் ஒரு வெங்காயம்.

அமீர் தன் முதல் கதையை எழுதுகிறான். ஒருவனுக்கு மாயக் கோப்பை ஒன்று கிடைக்கிறது. அதில் கண்ணீர் விழுந்தால் முத்தாகிவிடும். ஏழையானாலும் சந்தோஷமாக இருக்கிறவன் என்பதால் அவனுக்கு அழுகை வருவதில்லை. அழுவதற்காகத் துக்கத்தைத் தேடிப் போகிறான். கடைசியில் கையில் கத்தி, மடியில் மனைவியின் பிணம், உட்கார்ந்திருப்பது முத்துக்குவியல் மேல். அமீரின் அப்பா இதைப் படிக்கவில்லை. அப்பாவின் நண்பர் ரஹீம் கான் படித்துப் பாராட்டுகிறார். அந்தப் பூரிப்பில் அமீர், தூங்கிக்கொண்டிருந்த ஹசனை எழுப்பிப் படித்துக் காட்டுகிறான். ஹசன் கை தட்டுகிறான், நீ பெரிய எழுத்தாளன் ஆவாய் என்கிறான். அப்புறம் தயங்கித் தயங்கி, ஒன்று கேட்கலாமா என்கிறான். அவன் எதற்கு மனைவியைக் கொல்ல வேண்டும்? ஒரு வெங்காயத்தை முகர்ந்திருக்கலாமே?

எழுதப் படிக்கத் தெரியாத பையன், கதையின் அடித்தளத்தையே ஒரு விரலால் தள்ளிவிட்டான். அடுத்த நொடி அமீருக்குள் ஒரு குரல் எழுகிறது: இந்த எழுத்தறிவில்லாத ஹசாராவுக்கு என்ன தெரியும்? அதுவரை அவன் ஹசன். தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று தெரிந்த அந்தக் கணத்தில் ஹசாரா ஆகிவிடுகிறான். அமீர் பதில் சொல்வதற்குள் வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஜூலை 17, 1973. மன்னர் ஜாஹிர் ஷாவை தாவூத் கான் கவிழ்த்த ராத்திரி. நாட்டின் சரித்திரம் குறுக்கே வந்து அமீரைக் காப்பாற்றிவிடுகிறது.

அந்தக் குரல் அமீருடையது மட்டும் இல்லை. 1890களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானை ஆண்ட அப்துர் ரஹ்மான் கான் ஹசாராக்களின் எழுச்சியை நசுக்கினார். நிலம் பறிபோனது, ஏராளமானவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், தப்பியவர்கள் இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவுக்கும் ஈரானின் மஷாதுக்கும் போனார்கள். நாவலில் இதைப் பற்றிய ஒரு புத்தகம் அமீருக்கு அம்மாவின் பொருட்களிடையே கிடைக்கிறது. வாத்தியாரிடம் காட்டினால் அவர் நாலு பக்கம் புரட்டி, கேலியாகச் சிரித்து, 'ஷியா' என்ற சொல்லுக்கே முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராததை ஒரு பையன் எங்கே போய்க் கற்பான்? அமீரே ஓரிடத்தில், ஹசனை நண்பன் என்று தான் நினைத்ததே இல்லை என்கிறான். அவன் அப்பாவும் அலியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்தான். அவரும் அலியை நண்பர் என்று சொன்னதில்லை.

சந்துக்குப் பிறகு அமீர் செய்வதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சந்தில் நின்றது பயம், பன்னிரண்டு வயது. சரி. ஆனால் ஹசனின் மெத்தைக்கடியில் தன் பிறந்தநாள் கடிகாரத்தையும் பணத்தையும் வைத்து அவனைத் திருடனாக்கியது நன்றாக யோசித்துச் செய்த வேலை. ஹசனைப் பார்க்கப் பார்க்கக் குற்றவுணர்ச்சி குத்துகிறது, அதனால் ஹசனே இருக்கக்கூடாது. திருடினாயா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று அவன் அமீருக்காகப் பழியை ஏற்றுக்கொள்ளும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு டீ போடப் போனேன்.

நாவலோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வருடங்கள் கழித்து பெஷாவரில் ரஹீம் கான், அமெரிக்காவிலிருந்து வந்த அமீரிடம் ஹசன் எழுதிய கடிதத்தைக் கொடுக்கிறார். ஆமாம், ஹசன் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். தாலிபான்கள் அவனைத் தெருவில் வைத்துச் சுட்டதைச் சொல்கிறார். அவன் மகன் சோராப் காபூலில் அநாதையாக இருக்கிறான், கூட்டி வா என்கிறார். அமீர் மறுக்கிறான். பணம் கொடுத்து வேறு யாரையாவது அனுப்பலாமே என்கிறான். அதற்கப்புறம்தான் உண்மை வருகிறது: ஹசன் அமீருடைய அப்பாவின் மகன். அதைக் கேட்ட பிறகே அமீர் கிளம்புகிறான். கூடவே பால் குடித்தவன், பழியை ஏற்றவன், கடிதம் எழுதியவன், இதெல்லாம் போதவில்லை. பாதி ரத்தம் வேண்டியிருக்கிறது. ஹுசைனி இதைத் தெரிந்தே எழுதினாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிறு வயதில் தன் வீட்டுச் சமையல்காரரான ஹசாரா ஒருவருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் அவர். தெரிந்தேதான் எழுதியிருப்பார் என்றுதான் படுகிறது.

இன்னொன்று, ஹசன் ஏன் அமீர் மேல் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை? அமீர் குன்றின் மேல் நின்று மாதுளம்பழங்களால் அவனை அடிக்கிறான், திருப்பி அடி என்று கத்துகிறான். ஹசன் ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே உடைத்துக்கொள்கிறான்.

ரொட்டிக் கடைப் பையனோடு இப்போது நல்ல பழக்கம். வீடு காபூலில் தஷ்த்-இ-பர்ச்சி, சித்தப்பா குடும்பம் குவெட்டாவில். சனிக்கிழமை கையில் புத்தகத்தோடு போனேன். அட்டையைப் பார்த்ததும், "இந்தப் படம் போன்ல பார்த்திருக்கேன் தீதி. அது காபூலே இல்ல, சீனாவுல எடுத்தது" என்றான். உண்மைதான், 2007இல் வந்த படத்தில் காபூலாக வருவது பெரும்பாலும் காஷ்கர். படம் பிடித்ததா என்றேன். பட்டம் விடுவது பிடித்ததாம். அந்த மாதுளம்பழ சீன் என்று ஆரம்பித்தேன்.

"யாரு அப்படித் தன் தலையில உடைச்சுக்குவான்? நானா இருந்தா அவன் மூஞ்சியிலயே எறிஞ்சிருப்பேன்."

கொக்கியை தந்தூருக்குள் விட்டான். "ரெண்டா, மூணா?"