துணி நல்ல துணிதான்

2024 பிப்ரவரி 18
மாரடைப்பு வந்து ஐந்து வாரம். ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆனாலும் அப்பா மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார்; படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாலையில் செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த பள்ளம் அரை மணி நேரம் மறைவதில்லை. இன்று எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு.

பிப்ரவரி 20
டாக்டர் மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினார். வால்வின் இரண்டு இதழ்களிலும் பழுதில்லையாம். அடிபட்டது இதயத் தசை. இடது கீழறை விரிந்து, இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்களைக் கீழே இழுக்கிறது. இதழ்கள் நடுவில் சேர்வதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் மேலறைக்கே திரும்புகிறது. அதனால்தான் நுரையீரலில் நீர்.

நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்த அப்பா ஆட்டோவில் சொன்னார்: "துணி நல்ல துணிதான். உடம்பு பெருத்துவிட்டது, பட்டன் எட்டவில்லை." இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

மே 27
உப்பைக் குறைத்த சாப்பாடு, நீர் மாத்திரை, தினமும் காலையில் எடை. மூன்று மாதமாக மருந்தைப் படிப்படியாக ஏற்றியும் கசிவு குறையவில்லை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய அப்பாவின் இதயம் தாங்காதாம். நெஞ்சைத் திறக்காமல், வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் போடலாம் என்கிறார்கள்.

இதை முதலிலேயே போட்டிருக்கலாமே என்றேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. 2018இல் இரண்டு ஆய்வுகள் வந்தனவாம். பிரான்ஸில் நடந்ததில் கிளிப்பால் பலன் தெரியவில்லை. 614 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்ததில், இரண்டு வருடத்தில் இறந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 46 சதவீதம், கிளிப்பும் போட்டவர்களில் 29. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். முதலில் மருந்தை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்றார். 29உம் சின்ன எண் இல்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

விலையைக் கேட்டதும் தம்பி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான்.

ஜூன் 19
முடிந்தது. தொடைச் சிரை வழியாகக் குழாயை ஏற்றி, மேலறைகளின் நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் போனார்களாம். இதயத்தை நிறுத்தவே இல்லை. உணவுக்குழாயில் இறக்கிய எக்கோ கருவிதான் அவர்களுக்குக் கண். இரண்டு கிளிப். இதழ்களை நடுவில் கவ்விப் பிடித்துவிட்டால் பெரிய வாய் இரண்டு சிறு வாயாகிவிடும். ஆல்ஃபியேரி என்ற இத்தாலிய சர்ஜன் 1990களில் நடுவில் தையல் போட்டுச் செய்ததைத்தான் கிளிப் செய்கிறது. மனிதருக்கு முதலில் வைத்தது 2003இல்.

"அப்போ அவரும் நம் ஜாதி" என்றார் அப்பா, தையல்காரர் என்ற பொருளில்.

காலை மடக்கக்கூடாது என்று மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் மட்டமாகப் படுத்துத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 6
இன்னும் லேசான கசிவு உண்டு. "ஊசித்துளை இல்லாத தையல் ஏது" என்கிறார். தலையணை ஒன்றுதான். செருப்பு வாரின் தடம் இன்று அம்மா காப்பி கொண்டுவருவதற்குள் மறைந்துவிட்டது. ரசத்தில் உப்பில்லை என்ற சண்டை மட்டும் அப்படியே.