கல் போன பிறகு: 24 மணிநேரச் சலமும் சட்டித் தயிரும்

சிறுநீரகக் கல் வெளியேறியதும் வலியோடு கவனமும் போய்விடும். அதற்கு முன் கல்லைப் பிடிக்கவேண்டும். சலத்தைத் தேநீர் வடியால் வடித்து, அகப்படும் துண்டைக் காயவைத்துச் சின்னப் போத்தலில் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால், அது கல்சியம் ஒக்சலேட்டா, யூரிக் அமிலமா என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பத்தியம் இல்லை.

அடுத்தது 24 மணிநேரச் சலச் சேகரிப்பு. தொடக்கத்திலேயேதான் பலருக்குப் பிழைக்கும். காலை ஆறு மணிக்குப் போகும் சலத்தைச் சேர்க்கக்கூடாது. அது முந்தின இரவின் கணக்கு. அதன்பின் போவதெல்லாம், மறுநாள் ஆறு மணிச் சலம் உட்பட, கேனுக்குள் போகவேண்டும். ஆய்வுகூடம் தரும் கேனில் சிலவேளை அமிலம் இருக்கும். அதைக் கழுவி ஊற்றிவிடாமல், வேறு பாத்திரத்தில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். பரிசோதனை நாள் என்று குடம் குடமாகக் குடித்தால் அறிக்கை பொய் சொல்லும். வழக்கம்போல வேலைக்குப் போகும் நாளே நல்லது.

அறிக்கையில் முதலில் மொத்த அளவைப் பாருங்கள். போகும் சலம் 2.5 லீற்றருக்குக் குறையக்கூடாது. குடிக்கும் அளவு வேறு கணக்கு: சிறுபோக அறுவடைக்கு வயலில் நிற்பவர் மூன்று லீற்றர் குடித்தாலும் பெரும்பகுதி வேர்வையாகிவிடும். படுக்கமுன் ஒரு கிளாஸ் குடித்து, இரவில் ஒருதரம் எழும்பவேண்டி வந்தால் அளவு சரி. நோன்பு காலத்தில் நோன்பு திறக்கும் மஃரிபிலிருந்து விடியுமுன் சாப்பிடும் ஸஹர் வரை பிரித்துப் பிரித்துக் குடிக்கவேண்டும். ஸஹரில் ஒரே மூச்சாகக் குடிப்பது விடிந்த கையோடு போய்விடும்.

கல்சியக் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். அதைப்போல வீண்வேலை வேறில்லை. சாப்பாட்டிலுள்ள கல்சியம், அதே சாப்பாட்டிலுள்ள ஒக்சலேட்டைக் குடலுக்குள்ளேயே பிடித்து மலத்தோடு கொண்டுபோகும். கல்சியம் குறைந்தால் ஒக்சலேட் இரத்தத்தில் ஏறிச் சலத்தில் இறங்கும். நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. மட்டக்களப்பில் எருமைத் தயிருக்கா பஞ்சம்? ஆனால் சோற்றோடு சாப்பிடுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துத் தனியாகச் சாப்பிட்டால் அந்த வேலை நடக்காது.

குறைக்கவேண்டியது உப்பு. அது சலத்துக்குள் கல்சியத்தை இழுத்துவரும். கறி, கருவாடு, அச்சாறு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி மட்டம். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் படியவிடாது; உப்புப் போடாமல் குடிக்கவேண்டும். ஒக்சலேட் கூடிய பசளி, பீற்றூட், கஜு அளவோடு. பிலிம்பிக்காய்ச் சாற்றை மருந்தென்று குடிப்பது ஆபத்து: அந்த ஒக்சலேட் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம். வைட்டமின் சி மாத்திரையையும் 1000 மில்லிகிராம் அளவில் தினம் போடவேண்டாம். யூரிக் அமிலக் கல்லென்றால் ஈரல், நெத்தலி, இறைச்சியைக் குறைக்கவேண்டும். வாழைத்தண்டுச் சாற்றால் கல் கரையும் என்பதை நம்பியிருக்கவேண்டாம்.

சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்கள் தண்ணீர் அளவையும் இளநீரையும் வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும். கல் வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.