மசக்கைக்கு இரண்டு இதயம்

அக்காவுக்கு இது நான்காம் மாதம். நேற்று ராத்திரி 11 மணிக்கு எழுந்து உட்கார்ந்து மாங்காய் வேண்டும் என்றாள். வீட்டில் இருந்தது புளிதான், அதையே கல் உப்போடு உருட்டிக் கொடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். “இந்த நேரத்துல புளியா?” என்று அம்மா முணுமுணுத்தார்.

ஆயுர்வேதம் அக்கா பக்கம். நான்காம் மாதத்தில் கருவின் இதயம் துலங்குகிறது, அதனால் தாய் இரண்டு இதயம் உள்ளவள், ‘தௌஹ்ருதினி’, அவள் ஆசைப்படுவது பிள்ளையும் சேர்ந்து ஆசைப்படுவது என்கிறது சுசுருத சம்ஹிதை. ஆசையை மறுத்தால் குழந்தைக்கு ஊனம் வரும் என்றும் சொல்கிறது, அதை நான் நம்பவில்லை.

அப்புறம், அடுப்புச் சாம்பலையும் எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். அது உடம்பில் இரும்புச்சத்துக் குறைவதன் அறிகுறியாக இருக்கலாம், சனிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன்.