நியூகொமன் குடும்பத்தின் பட்டம்

கோப்பிப் பயிரை நோய் அழித்த பின், 1884இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்த செய்தி இலங்கை மலையகத் தோட்ட வரலாற்றில் தவறாமல் எதிர்ப்படும். அதை வாசித்ததிலிருந்தே வங்கிகளின் வீழ்ச்சி பற்றித் தேடுகிறேன். அந்தத் தேடல் அயர்லாந்தின் நியூகொமன் குடும்பத்திடம் என்னைக் கொண்டு சேர்த்தது.

டப்ளின் வங்கியாளரான வில்லியம் கிளெடோ, லோங்ஃபோர்ட் பகுதியின் நியூகொமன் குடும்பச் சொத்துக்கு உரியவரான சார்லட்டை 1772இல் மணந்து, மனைவியின் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டார். 1781இல் அவருக்குப் பரம்பரை பாரோனெட் பட்டம் கிடைத்தது. அயர்லாந்தின் நாடாளுமன்றத்தைக் கலைத்துப் பிரித்தானியாவுடன் இணைக்கும் சட்டத்துக்கு, அந்த நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவே இருந்துகொண்டு அவர் ஆதரவளித்தார். அந்தச் சட்டம் நிறைவேறிய 1800இலேயே சார்லட் சீமாட்டிப் பட்டம் பெற்றார், 1803இல் அது விஸ்கவுண்டஸ் நிலைக்கு உயர்ந்தது. கணவரின் வாக்குக்கு மனைவியின் பெயரில் வழங்கப்பட்ட வெகுமதியாகவே இதைக் காண்கிறேன். 1949இல் வாக்குரிமையைப் பறிகொடுத்த மலையகத் தமிழ்ச் சமூகத்தில் பிறந்த எனக்கு, வாக்கு இவ்வாறு கைமாறியதை வெறும் குடும்பச் செய்தியாக வாசிக்க முடியவில்லை.

வில்லியம் 1807இலும் சார்லட் 1817இலும் காலமாயினர். மகன் தோமஸ் தந்தையின் பட்டத்தையும் தாயின் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார், வங்கியும் அவரிடமே வந்தது. 1825இல் வங்கி முறிந்தது. அதே ஆண்டில் அவரும் இறந்தார். சட்டப்படியான வாரிசு இல்லாததால் இரண்டு பட்டங்களும் அவருடன் அற்றுப்போயின. கட்டடக் கலைஞர் தோமஸ் ஐவரி வடிவமைத்த வங்கிக் கட்டடம் மட்டும் டப்ளின் கோட்டைக்கு அருகில் இன்றும் இருக்கிறது.