செம்மறி 07: பல் தேய்மானத்தை ஆய்வுக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வைவா அனுபவம்

போன வாரம் என் ஆய்வேட்டு வைவா (வாய்மொழித் தேர்வு) ரிசல்ட் வந்தது. தேர்ச்சிதான், ஆனால் பெரிய திருத்தங்களோடு. நாலாவது அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுத வேண்டும். எரிச்சல் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

என் தலைப்பு எளிது. புல் மேயும் செம்மறியின் பல்லில் கீறல் அதிகம், தழை கடிக்கும் வெள்ளாட்டுக்குக் குறைவு. அதை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் எண்ணிக் காட்ட வேண்டும். கறிக்கடை கறிக்கடையாக அலைந்து தலை வாங்கினேன். பல்லைத் துடைப்பது, சிலிக்கான் அச்செடுப்பது, அதில் எபாக்சிப் பிசின் ஊற்றிப் பல்லின் நகல் எடுப்பது எல்லாம் கை வந்த வேலை.

புறத்தேர்வாளர் அதைக் கேட்கவே இல்லை. "இதே படத்தை ஒரு மாசம் கழிச்சு எண்ணினா இதே எண் வருமா தம்பி?"

"வரும் சார்."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அதைவிட மோசம், ஃபைல் பெயரே 'செம்மறி 07'. எண்ணும்போதே எந்த ஆடு என்று தெரியும். நீளம் அகலத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் என்றால் கீறல், இல்லாவிட்டால் குழி. விதி தெளிவுதான். ஆனால் எல்லையில் நிற்கும் வடு செம்மறிப் படத்தில் எனக்குக் கீறலாகியிருக்கிறது. அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று வெள்ளாட்டுப் படத்தில் குழி. இரண்டையும் அவர் அருகருகே வைத்தபோது காது சூடாகிவிட்டது. பல் தேய்மான ஆய்வாளர்கள் கிரைன், அங்கர், டீஃபோர்ட் மூவரும் 2002லேயே இந்த எண்ணும் பிழையைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நான் மேற்கோளும் காட்டியிருந்தேன், முழுசாகப் படிக்காமல்.

அதனால்:

- படங்களுக்குப் பெயருக்குப் பதில் வேறொருவர் குறிப்பெண் போடட்டும். எது எந்த ஆடு என்ற பட்டியல் அவரிடமே இருக்கட்டும். வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.
- பத்துப் படமாவது ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். வித்தியாசத்தை மறைக்காமல் அட்டவணையாகப் போடுங்கள்.
- உருப்பெருக்கமும் சாய்வும் எல்லாப் படத்துக்கும் ஒன்றே. சாய்வு மாறினால் சில கீறல் கண்ணில் படாது.
- முதல் அச்சு அழுக்கெடுக்க மட்டும். தூக்கிப் போடுங்கள்.
- எபாக்சிக் குமிழி குழி மாதிரியே இருக்கும். விளிம்பு வழவழப்பாக, கச்சிதமான வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.
- இரவு பத்துக்கு மேல் எண்ணாதீர்கள். (நான் விடியற்காலை ஆள்.)

மேற்பரப்பை முப்பரிமாணமாக அளக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கி கிடைப்பவர்கள் பாக்கியசாலிகள். 2005இல் நேச்சர் இதழில் வந்த முறைப்படி மேற்பரப்பின் சொரசொரப்பைக் கணினியே கணக்கிட்டுவிடும். ஆனாலும் தூசியை நீங்கள்தான் பார்த்து நீக்க வேண்டும். விட்டால் அதுவும் பல்லின் மேடாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

திருத்தத்துக்கு மூன்று மாதக் கெடு. தங்கை குறிப்பெண் போட்டுத் தந்திருக்கிறாள். 12 படம் முடிந்தது. எது எந்த ஆடு என்று சத்தியமாகத் தெரியவில்லை.