இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில்

2.11.2024, சனி

காலையில் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டு பார்த்தேன். குக்கர் விசில் இல்லை. காக்கா இல்லை. இவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், வாய் அசைந்தது. இரைச்சல் மட்டும் இருக்கிறது.

3.11.2024, ஞாயிறு

வருகிறவர்கள் எல்லாரும் "வெடியா?" என்கிறார்கள். தீபாவளிக்கு மறுநாள் இடது காது கேட்காமல் போனால் அது வெடியாகத்தான் இருக்க வேண்டுமாம். நான் கம்பி மத்தாப்பைக் கையில் பிடித்தே இருபது வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் கொண்டுவந்தாங்க. வாங்கி வைத்திருக்கிறேன். ஊற்றவில்லை.

4.11.2024, திங்கள்

டாக்டர் ஒரு இரும்புக் கவையை முழங்கையில் தட்டி என் நடுநெற்றியில் நிறுத்தினார். அதில் 512 என்று பொறித்திருந்தது. "எந்தப் பக்கம்மா கேக்குது?" வலது பக்கம் என்றேன். இடது என்று சொல்லியிருந்தால் அழுக்கு, அடைப்பு என்று போயிருக்குமாம். வலது என்றால் உள்ளே நரம்பு.

அப்புறம் கண்ணாடி வைத்த சின்ன அறை. கதவை மூடினால் என் மூச்சே பெரிதாகக் கேட்டது. பீப் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலது காதுக்கு டக் டக்கென்று அமுக்கினேன். இடது வந்ததும் எது பீப், எது இரைச்சல் என்று பிடிபடவில்லை. குருட்டாம்போக்கில் நாலைந்து தடவை அமுக்கினேன். வெளியே இருந்த பெண் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தாள், கோபிக்கவில்லை. தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், மேலே வரிசையாக. இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, எல்லாம் கீழே 70க்குப் பக்கத்தில் கிடந்தன.

காரணம் கேட்டேன். பெரும்பாலும் தெரியாமலேதான் வரும் என்றார். ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார். வரலாம், கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்.

இரைச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் பிடிபட்டது. அப்பாவின் ரேடியோவில் முள்ளைத் திருப்பும்போது திருச்சி போய், சிலோன் இன்னும் வராமல், நடுவில் ஒரு சத்தம் கிடக்குமே. அதேதான். யாரோ அங்கேயே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்ட மாதிரி.

5.11.2024, செவ்வாய், விடிகாலை 3.20

மாத்திரை தூங்க விடவில்லை. இரண்டு தோசை சுட்டுச் சாப்பிட்டேன். இந்த நேரத்தில் தோசை சுடுகிறவளைப் பார்த்து இவர் பயந்துபோய்த் திரும்பப் படுத்துவிட்டார்.

சோழவந்தான் வீட்டில் ரேடியோ ஆளுயரத்தில் ஒரு பலகையில் இருக்கும். எங்களுக்கு எட்டாது, அதற்காகத்தான் அந்த உயரம். அம்மா பின்னிய மூடுதுணி. வால்வு ரேடியோ, போட்டவுடனே பாடாது. முதலில் உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் வரும், தூசி காய்கிற வாசனை வரும், ஒரு முனகல், அப்புறம்தான் குரல். அந்த அரை நிமிஷம் வீடே பேச்சை நிறுத்தும். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பித்தளை வலை ஏரியல் நாடா மாதிரி ஓடும். வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா தபால் ஆபீஸ் போய் லைசன்ஸ் பணம் கட்டிவிட்டு வருவார். ரேடியோவுக்கு லைசன்ஸ் என்றால் என் மகள் நம்புவதில்லை.

காலை 7.15க்கு டெல்லிச் செய்தி. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி." எங்கள் தெருவுக்கு அதுதான் கடிகாரம், அந்தக் குரல் கேட்டும் தலை பின்னி முடியவில்லை என்றால் பள்ளிக்கூடத்துக்கு லேட். செய்தி முடிந்ததும் அப்பா முள்ளைத் தெற்கே திருப்புவார். அவர் அப்படித்தான் சொல்வார், தெற்கே. கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார், சனமெல்லாம் சிலோனுக்குப் போய்விட்டது, 1957ல் விவித பாரதி கொண்டுவந்தும் பாதிப் பேர் திரும்பவில்லை என்பார். அந்தத் திரும்பாத பாதியில் தானும் ஒருத்தர் என்கிற பெருமை அதில் இருக்கும்.

எனக்குப் பெரியவளான பிறகுதான் வரைபடத்தில் உறைத்தது: காக்கா பறக்கிற கணக்கில் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். நடுவில் கடல் வேறு. உப்புத் தண்ணீர் மேல் மீடியம் வேவ் வழுக்கிக்கொண்டு வரும்.

மணி 4.10. மறுபடியும் பசிக்கிறது.

6.11.2024, புதன்

சர்க்கரை 248.

7.11.2024, வியாழன்

சூரசம்ஹாரம். இவர் திருப்பரங்குன்றம் போனார், நான் போகவில்லை. கூட்டத்தில் நின்றால் தலை கிறுகிறுக்கிறது.

தெருமுனைக் கோயில் குழாயில் காலையிலிருந்து டி.எம்.எஸ். முருகன் பாட்டுகள். 1922ல் இதே மதுரையில் பிறந்த மனுஷன். போன வருஷம் முனிச்சாலையில் சிலை வைத்தார்கள். ஆட்டோவில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், சிலை என்ன செய்யும், பாடவா போகிறது. குரல் குழாயில்தான் இருக்கிறது.

ஆனால் இன்றைக்கு அந்தக் குழாய் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இருபத்தேழு வருஷமாக அது கிழக்கே இருக்கிறது. சத்தம் சமையலறையிலிருந்து வருவது போல இருந்தது. ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாதாம். போன் அடித்தால் வீடு முழுக்கத் தேடுகிறேன். இன்று அது என் மடியிலேயே இருந்தது.

அழுதேன். யாரும் இல்லை.

9.11.2024, சனி

அண்ணன் போன் பண்ணினார். வலது காதில் வைத்துக்கொண்டேன். "இப்ப எப்படித்தா இருக்கு?" அப்படியே இருக்குண்ணே. "சிலோன் ரேடியோல ஒன் பேரு வாசிச்சப்பவும் ஒனக்குக் கேக்கல, இப்பவும் கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் போனை வைத்துவிட்டு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1978, நவம்பர் 19. எனக்குப் பன்னிரண்டு. தேதியில் குழப்பமே கிடையாது, நாலு நாள் கழித்து மட்டக்களப்பில் புயல் அடித்தது. கொழும்பு 7 என்று விலாசம் எழுதி, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி, ஒரு மாதத்துக்கு முன்பே அண்ணன் போட்ட கடிதம். என் பெயர், ஊர், அப்பா, அம்மா, அண்ணன், அப்பத்தா எல்லாரும் வாழ்த்துவதாக எழுதி, ஒரு பாட்டும் கேட்டிருந்தோம். எந்தப் பாட்டு என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை, கடைசியில் அவர் எதை எழுதினார் என்று என்னிடம் சொல்லவே இல்லை.

அன்றைக்குக் காலையிலேயே மழை. பிறந்தநாள் வாழ்த்து ஆரம்பிக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. வால்வின் ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல மெல்லச் செத்ததை நான் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். பஞ்சாயத்து ரேடியோவுக்கும் கரண்ட் வேண்டும், அதனால் அங்கேயும் இல்லை.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த மாமாவிடம் பேட்டரி ட்ரான்சிஸ்டர் இருந்தது. நனைந்துகொண்டே ஓடி வந்தார். "ஏத்தா, செல்வராணின்னு ஒன் பேரு சொன்னாங்க! அப்பா, அம்மா, அப்பம்மா எல்லாரும் வாழ்த்துறாங்கன்னு! ஊருப் பேருதான் சரியா விழல, அலை ஏறி ஏறி எறங்குச்சு. ஏதோ சேரின்னு காதுல விழுந்துச்சு." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "சோழவந்தான சேரியாக்கிட்டான் சிலோன்காரன்!" எந்தப் பாட்டு மாமா என்று கேட்டேன். ஓடி வரும்போது மறந்துவிட்டதாம்.

யார் வாசித்தது? ஆம்பளையா பொம்பளையா? அதையும் அவர் சொல்லவில்லை. கே.எஸ்.ராஜா என்றால் படபடவென்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். ராஜேஸ்வரி சண்முகம் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கிடைத்திருக்கும், 'ழ' எல்லாம் 'ழ'வாகவே. அப்துல் ஹமீதாகவும் இருக்கலாம். என் பெயரை இந்த மூன்று பேர் குரலிலும் நான் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், பிரசவ வார்டில்கூட.

11.11.2024, திங்கள்

காது ஜவ்வு வழியாக ஊசி. முதலில் மரத்துப்போக மருந்து, அப்புறம் ஒரு குத்து, உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடிய மாதிரி, அறை ஒரு சுற்றுச் சுற்றியது. அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கக் கூடாது என்றால்தான் வாய் நிறைய ஊறுகிறது. சுவரில் ஒரு பல்லி. அதுவும் அசையவில்லை.

12.11.2024, செவ்வாய்

ஒன்றுமில்லை.

13.11.2024, புதன்

மகள் ஏதோ ஆப் இறக்கிக் கொடுத்திருக்கிறாள். எழுபது, எண்பதுகளின் பாட்டு இருபத்துநாலு மணி நேரமும் வருகிறதாம். போட்டேன். சுத்தமாக இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது. நடுவில் யாரும் பேசுவதில்லை. யாரும் யாருக்கும் எதையும் விரும்பிக் கேட்கவில்லை. ஐந்தாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். பாட்டு நல்ல பாட்டுத்தான்.

14.11.2024, வியாழன்

அண்ணன் வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ட்ரான்சிஸ்டர். அந்த மாமாவுடையதாம்! அவர் செத்தபோது அவர் மகன் கொடுத்தது, பரணில் கிடந்திருக்கிறது. தோல் உறை கைபட்டாலே உதிர்கிறது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கிழவர் பேட்டரி கவ்வியின் பச்சையைச் சுரண்டி, புது டயல் நூல் கட்டிக் கொடுத்தாராம். அண்ணன் அதற்கு எவ்வளவு கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

போட்டோம். கர்ர்ர் என்று ஒரே காட்டு இரைச்சல். நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தோம். எல்.ஈ.டி. பல்ப், சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே மீடியம் வேவுக்குச் சத்துருவாம். "இந்தா, ஒன் காதுக்குள்ள கேக்குறது வெளியவும் கேக்குது பாரு" என்றார் அண்ணன். இந்த ஆளிடம் எதையும் சொல்லவே கூடாது.

15.11.2024, வெள்ளி, இரவு

எட்டரைக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொன்னேன். இவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அணைத்தார்.

மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரைச்சல் நின்றிருந்தது. வெளியே உள்ளது. டயலில் 1269ல் மதுரை. இந்த ஊருக்குச் சொந்த ஸ்டேஷன் 1987ல்தான் வந்தது, எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். நான் மதுரைக்கு வந்தேன், ரேடியோவும் வந்தது. அதைத் தாண்டி 936ல் திருச்சி, கல்லு மாதிரி. திருச்சிக்கு அந்தப் பக்கம் மெல்ல, மிக மெல்லத் திருப்பினேன், அப்பா சொல்வாரே, முட்டையை உருட்டுற மாதிரி. தெற்கே ஒன்றும் அகப்படவில்லை. என்னவோ ஒரு பாஷை வந்து போனது. ட்ரான்சிஸ்டரை உடம்போடு திருப்பினால் குரல் பெருக்கிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் தேய்கிறது. ஆக, இதற்காவது திசை இருக்கிறது.

பத்து மணிக்குக் கரண்ட் வந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் "ஏய்ய்ய்" என்று கத்தினார்கள். எனக்கு மட்டும் வருத்தம்.

18.11.2024, திங்கள்

இரண்டாவது ஊசி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

காத்திருக்கிற இடத்தில் எதிரே ஒரு வயதான அம்மா, கூட ஐந்தாறு வயதில் ஒரு பேத்தி. பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் நீட்டியது. "அப்பம்மா, இதை உடைச்சுத் தாங்கோ."

நான் என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். ஆனையூர் முகாம் என்றார். "அப்பம்மான்னா அப்பாவோட அம்மாவா?" "ஓம்." இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். செல்வராணி. நான் இடது பக்கம் திரும்பினேன், ஆள் வலது பக்கம் நின்றது.

நாங்கள் அப்பத்தா என்றுதான் எழுதினோம். எங்கள் பக்கம் யாரும் அப்பம்மா என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமா வாயிலும் அந்த வார்த்தை வராது, கேட்டதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். வாசித்தவர் அவர்கள் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார் என்றே நாற்பத்தாறு வருஷம் நினைத்திருந்தேன். அதை யோசிக்கக்கூட இல்லை என்பதுதான் உண்மை. எழுதி வந்ததை எதற்கு மாற்ற வேண்டும்? அப்புறம் அந்தச் சேரி. அப்பா எத்தனை வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார். யாழ்ப்பாணப் பக்கம் சாவகச்சேரி இருக்கிறது. எண்பதுகளில் பேப்பரில் அந்தப் பெயர் வராத வாரம் இல்லை, நானே படித்திருக்கிறேன், அப்போதுகூட உறைக்கவில்லை.

ஒரு செல்வராணி அங்கே இருந்திருக்கிறாள். அதே தேதியில் பிறந்தவள். என் வயதாகவும் இருக்கலாம், ஐந்து வயதாகவும் இருக்கலாம். அவள் வீட்டில் அன்றைக்குக் கரண்ட் இருந்திருக்கும். அப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பாள். பாட்டும் அவள் கேட்ட பாட்டு.

அப்புறம் 83 கலவரம் வந்தது. அப்புறம் எல்லாம். கே.எஸ்.ராஜாவையே கொழும்பில் கொன்றுபோட்டார்கள். அவள்?

அண்ணனிடம் சொல்லவில்லை.

19.11.2024, செவ்வாய்

ஐம்பத்தெட்டு. மகள் வீடியோவில் வந்தாள். இவர் மல்லிகைப்பூ வாங்கி வந்தார், மழைக்காலத்தில் முழம் என்ன விலை என்று கேட்கக் கூடாது என்றார். அண்ணன் போன் பண்ணி, அவராகவே ரேடியோ அறிவிப்பாளர் குரலில் என் பெயர், ஊர், அப்பா, அம்மா, அப்பத்தா என்று எல்லாவற்றையும் வாசித்தார். "இப்பயாவது கேட்டுச்சா?"

கேட்டுச்சுண்ணே என்றேன்.

"என்ன பாட்டு எழுதிப் போட்டீங்க அன்னைக்கு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவருக்கும் மறந்துவிட்டதாம்.

20.11.2024, புதன், விடிகாலை

வலது காதைத் தலையணையில் அழுத்திப் பார்த்தேன். இரைச்சலுக்கு அடியில் டக் டக்கென்று ஏதோ. சுவர்க் கடிகாரமா, என் நாடியா தெரியவில்லை. எழுந்துபோய்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு வந்து மறுபடியும் படுத்தேன்.

நாளை மறுநாள் அந்தக் கண்ணாடி அறை. இந்தத் தடவை குருட்டாம்போக்கில் அமுக்கக் கூடாது. இவர் எழுந்துவிட்டார், மணி என்ன என்று கேட்கிறார்